தமிழ் வலைப்பக்கத்தில் இணைப்புகளைச் சிஎஸ்எஸ் கொண்டு அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலப் பக்கம் ஒன்றில் இணைப்பைத் தனித்துக் காட்ட நிறம், அடிக்கோடு, பெரிய எழுத்து, சாய்வெழுத்து என நான்கு வழிகள் கைவசம் இருக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது என்பதால், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ‘டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம்’ பண்புக்கு ‘அப்பர்கேஸ்’ (பெரிய எழுத்து) என்று கொடுத்தால் எதுவும் நடக்காது. சாய்வெழுத்தும் அவ்வளவாக உதவாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கெனத் தனியாக வரைந்த வடிவம் இல்லாததால், உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது, சுழிகளெல்லாம் நெளிந்துபோகின்றன. ஆக, தமிழ்ப் பக்கத்தில் இணைப்பின் சுமை முழுவதையும் நிறமும் அடிக்கோடும்தான் தாங்க வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த தீம்களை அப்படியே தமிழுக்கு எடுத்துப் போடும்போது இணைப்புகள் காணாமற்போவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்துக்கொள்வோம்: கடலூரிலிருந்து புதுச்சேரி வரை ஒருநாள் பயணம் பற்றிய பக்கம். கட்டுரைப் பத்திகளுக்குள் வெள்ளி கடற்கரை, திருப்பாதிரிப்புலியூர், பிச்சாவரம் ஆகியவற்றுக்கு இணைப்புகள் உண்டு. மேலே ஒரு மெனு இருக்கிறது. ரயில் முன்பதிவுக்கான வெளித்தள இணைப்பு, படகுக் கட்டணப் பட்டியலுக்கான பிடிஎஃப், விடுதியின் தொலைபேசி எண், பிரெஞ்சு மொழியில் அமைந்த ஒரு பக்கத்துக்கான இணைப்பு, ‘அறை முன்பதிவு’ என்ற பொத்தான் ஆகியவையும் பக்கத்தில் உள்ளன. சிறு தொழில் நடத்துபவர் எவரது தளத்திலும் ஏறக்குறைய இதே வகைகள்தாம் வரும்.

ஒரு குறிப்பு: சிஎஸ்எஸ் பண்புகளின் பெயர்களை இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும். நிறங்களை ஆர்ஜிபி முறையில், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண்களாகக் கொடுத்துள்ளேன்.

1. முதலில் எச்டிஎம்எல்லைச் சரிபார்க்கவும்

சிஎஸ்எஸ் கோப்பைத் திறப்பதற்கு முன், பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிச்சொற்களால் அமைக்கும் எச்டிஎம்எல்லில், இணைப்பைக் குறிக்கும் ஒவ்வொரு ‘ஏ’ குறிச்சொல்லிலும் செல்ல வேண்டிய முகவரியைத் தரும் ‘எச்ரெஃப்’ அட்ரிபியூட் (குறிச்சொல்லுக்குள் எழுதும் கூடுதல் விவரம்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ‘ஏ’, உலாவியின் கணக்கில் இணைப்பே அன்று. ‘லிங்க்’ என்ற போலிவகுப்பு (உறுப்பின் நிலையைக் கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எஸ் சொல்) அதைத் தொடாது, டேப் விசையால் அதை அடையவும் முடியாது. வேறிடத்துக்கு அழைத்துச் செல்வது இணைப்பு; அதே இடத்தில் ஒரு செயலைச் செய்வது பொத்தான். படத்தொகுப்பைத் திறந்து மூடும் பணிக்கு ‘பட்டன்’ குறிச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு ‘ஏ’ பொருந்தாது.

இணைப்பாக நிற்கும் சொற்களையும் இப்போதே திருத்திவிடுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்று ஐந்து இடத்தில் எழுதிவிட்டு, அவற்றுக்கு எவ்வளவு அழகான பாணி கொடுத்தாலும் பயனில்லை. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. ‘இங்கே சொடுக்கவும்’ ஐந்து முறை ஒலித்தால் எது பிச்சாவரம், எது ரயில் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

2. நிறத்தைக் கண்ணால் மட்டுமன்றிக் கணக்காலும் தேர்ந்தெடுக்கவும்

வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளான டபிள்யூசிஏஜி, வழக்கமான அளவிலுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவை எல்லோரும் ஓரளவு அறிவார்கள். பலர் மறந்துவிடும் இரண்டாவது அளவு ஒன்று உண்டு. அடிக்கோட்டை எடுத்துவிட்டு நிறத்தால் மட்டுமே இணைப்பைக் காட்டுவதாக இருந்தால், இணைப்பின் நிறத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சாதாரண எழுத்தின் நிறத்துக்கும் இடையிலேயே 3-க்கு 1 வேறுபாடு வேண்டும். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இணைப்பும் சாதாரண எழுத்தும் ஒளிர்வால்தான் பிரிந்து தெரியும் என்பதால் ஏற்பட்ட விதி இது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் புரியும். வெள்ளைப் பின்னணியில் உடல் எழுத்தின் நிறம் 34, 34, 34 என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக்கு 0, 75, 140 என்ற அடர்நீலத்தைத் தந்தால் வெள்ளையோடு அதன் வேறுபாடு சுமார் 8.8, படிக்க மிக நன்று. ஆனால் பக்கத்து எழுத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு 1.8 மட்டுமே. 0, 110, 200 என்ற சற்று வெளிர்ந்த நீலத்துக்கு மாறினால் வெள்ளையோடு சுமார் 5.2, பக்கத்து எழுத்தோடு சுமார் 3.1 என இரு நிபந்தனைகளும் நூலிழையில் நிறைவேறுகின்றன. இந்த இடைவெளி எவ்வளவு குறுகலானது என்பதைப் பாருங்கள். நிறத்தைச் சற்று மிகுதியாகக் கூட்டினாலும் குறைத்தாலும் ஏதாவது ஒரு பக்கம் தவறிவிடும். பத்திக்குள் வரும் இணைப்புகளுக்கு அடிக்கோட்டை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடிக்கோடு இருந்தால் இரண்டாவது நிபந்தனை தானாகவே விலகிவிடும். அடர்நீலத்தை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். மாதிரிப் பக்கத்தில் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

புதுச்சேரித் தளங்களைச் செய்பவர்களுக்கு ஒரு ஆசை வரும்: பிரெஞ்சுத் தெருக்களின் சுவர்களில் காணும் அந்தக் கடுகு மஞ்சளை இணைப்புக்குக் கொடுத்துப் பார்ப்பது. 242, 178, 51 என்பது ஏறத்தாழ அந்த நிறம். வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாடு 1.9 மட்டுமே, வெயிலில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நிற்பவருக்கு எழுத்தே தெரியாது. அதே மஞ்சளைப் பின்னணியாக்கி, மேலே 34, 34, 34 நிற எழுத்தை வைத்தால் வேறுபாடு 8.5 ஆகிறது. ஆகவே மஞ்சளைப் பொத்தானுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த நிறங்களைச் சிஎஸ்எஸ் மாறிகளாக ஒரே இடத்தில், ‘ரூட்’ தேர்வியின் (விதி எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதி) கீழ் எழுதி வையுங்கள். மாறியின் பெயர் இரண்டு சிறுகோடுகளுடன் தொடங்க வேண்டும். அதன் பின் தமிழிலேயே ‘இணைப்பு-நிறம்’ என்று எழுதலாம். உறுப்புகளைக் குழுவாக்க நாம் இடும் கிளாஸ் பெயர்களையும் தமிழில் வைக்கச் சிஎஸ்எஸ் அனுமதிக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே குறியீடாக, அல்லது முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிஎஸ்எஸ்ஸோ குறியீடுகளை அப்படியே ஒப்பிடுமே தவிர, இரண்டையும் ஒன்றாகக் கருதாது. எச்டிஎம்எல்லை ஒரு விசைப்பலகையிலும் சிஎஸ்எஸ்ஸை வேறொரு விசைப்பலகையிலும் தட்டினால் ‘பொத்தான்’ என்ற கிளாஸ் பொருந்தாமற்போக வாய்ப்புண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். ‘பட்டன்’ என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

3. அடிக்கோட்டைத் தமிழுக்கு ஏற்பச் செதுக்கவும்

உலாவி இயல்பாகப் போடும் அடிக்கோடு, அடித்தளக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வருகிறது. ஆங்கில எழுத்துகளுள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குபவை சிலவே. தமிழில் நிலைமை வேறு. த, ந, ற, ழ போன்ற எழுத்துகளின் வால்களும், து, பு, மு, ரு, யூ போன்றவற்றின் உகர, ஊகாரக் கீற்றுகளும் பெரும்பாலான எழுத்துருக்களில் கீழே இறங்குகின்றன. ‘திருப்பாதிரிப்புலியூர்’ என்ற சொல்லை இணைப்பாக்கிப் பாருங்கள். எழுத்தின் மேல் கோடு ஏறக்கூடாது என்பதற்காக, ‘டெக்ஸ்ட்-டெகரேஷன்-ஸ்கிப்-இங்க்’ என்ற பண்பின் இயல்பு மதிப்பான ‘ஆட்டோ’, ஒவ்வொரு வாலின் அருகிலும் கோட்டை விட்டுவிட்டுப் போகிறது. விளைவாக, சொல்லுக்குக் கீழே ஒரு முழுக் கோடு இருப்பதற்குப் பதிலாக, துண்டு துண்டாகச் சில கீறல்கள் மட்டுமே எஞ்சுகின்றன. அதே பண்புக்கு ‘நன்’ என்று கொடுத்தால் கோடு முழுதாக வரும். ஆனால் உகரக் கீற்றுகளை வெட்டிக்கொண்டு போவதால் ‘பு’வும் ‘ப’வும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றாகிவிடும்.

கோட்டைக் கீழே இறக்குவதே சரியான வழி. ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’ என்ற பண்புக்கு 0.3 எம் என்று தொடங்கி, உங்கள் எழுத்துருவுக்கு ஏற்பச் சிறிது கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பிக்சலில் கொடுக்காமல் எம் அலகில் கொடுத்தால், தலைப்பில் வரும் இணைப்புக்கும் பத்தியில் வரும் இணைப்புக்கும் ஒரே விதியே அந்தந்த எழுத்தளவுக்குத் தகப் பொருந்திக்கொள்ளும். ஸ்கிப்-இங்க் ‘ஆட்டோ’வாகவே இருக்கட்டும், கோடு இறங்கியபின் அது எப்போதாவது ஓரிடத்தில்தான் குறுக்கிடும். ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-பொசிஷன்’ என்ற பண்புக்கு ‘அண்டர்’ என்று கொடுத்தும் கோட்டை இறக்க முடியும் என்றாலும், எழுத்துரு தனக்கென ஒதுக்கிக்கொண்ட கீழ் இடம் முழுவதையும் தாண்டி அது கோட்டைப் போடுகிறது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அந்த இடம் தாராளமாக இருப்பதால் கோடு அடுத்த வரியின் சொத்தாகத் தோன்றும். ‘பார்டர்-பாட்டம்’ கொண்டு கோடு போடும் பழைய முறைக்கும் இதே குறை உண்டு.

கோட்டை இறக்கியவுடன் வரி இடைவெளியைப் பார்த்தாக வேண்டும். ‘லைன்-ஹைட்’ 1.4 என்று ஆங்கிலத் தீம்களில் இருக்கும். அதே அளவில் இறக்கிய கோடு அடுத்த வரியின் புள்ளிகளையும் இகரச் சுழிகளையும் தொட்டுவிடும். 1.7 அல்லது 1.8 கொடுங்கள். தமிழ்ப் பத்திக்கு இணைப்பே இல்லாவிட்டாலும் இந்த இடைவெளி நல்லதுதான்.

கோட்டின் தடிமனை ‘டெக்ஸ்ட்-டெகரேஷன்-திக்னஸ்’ தீர்மானிக்கிறது. 1 பிக்சல் என்பது நல்ல தொடக்கம். சுட்டி மேலே வரும்போது, அதாவது ‘ஹோவர்’ நிலையில், 2 பிக்சலாக்கலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘டெக்ஸ்ட்-டெகரேஷன்’ என்ற சுருக்கப் பண்புக்குள் கோடு, பாணி, நிறம், தடிமன் ஆகிய நான்கும் அடங்கும். ஆகவே ஹோவர் விதியில் வெறுமனே ‘டெக்ஸ்ட்-டெகரேஷன்’ பண்புக்கு ‘அண்டர்லைன்’ என்று எழுதினால், முன்பு நீங்கள் கொடுத்த தடிமனும் நிறமும் அழிந்து இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். ஆஃப்செட் அந்தச் சுருக்கத்தில் சேராததால் அது மட்டும் தப்பும். மாற்ற வேண்டியதை மட்டும் அதனதன் முழுப் பெயரால் மாற்றுவதே பாதுகாப்பு.

ஹோவரில் எழுத்தைத் தடித்த எழுத்தாக்குவதை அறவே தவிர்க்கவும். தடித்த எழுத்து அகலம் கூடியது என்பதால் சொல் நீண்டு, வரி மடங்கி, பத்தியே துள்ளும். அத்துடன், தடித்த தமிழ் எழுத்துருக் கோப்பைத் தனியே ஏற்றாத தளங்களில் உலாவி செயற்கையாகத் தடிக்கச் செய்வதால், ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடுகின்றன.

4. நிலைகளை உரிய வரிசையில் எழுதவும்

இணைப்புக்கு ஐந்து நிலைகள் உண்டு: இன்னும் செல்லாதது ‘லிங்க்’, சென்று வந்தது ‘விசிட்டட்’, சுட்டி மேலே நிற்பது ‘ஹோவர்’, விசைப்பலகையால் அடைந்தது ‘ஃபோகஸ்-விசிபிள்’, அழுத்திக்கொண்டிருக்கும் கணம் ‘ஆக்டிவ்’. 1996-இல் வந்த முதல் சிஎஸ்எஸ் தரத்தில் லிங்க், விசிட்டட், ஆக்டிவ் மூன்றும் இருந்தன. ஹோவரும் ஃபோகஸும் 1998-இல் இரண்டாம் தரத்தோடு சேர்ந்தன. விதிகளை மேலே சொன்ன வரிசையிலேயே எழுத வேண்டும். ‘ஏ’ என்ற குறிச்சொல்லும் ஒரு போலிவகுப்பும் சேர்ந்த இந்தத் தேர்விகள் அனைத்துக்கும் முன்னுரிமை எடை சமமானது. எடை சமமாக இருக்கும்போது பின்னால் வரும் விதியே வெல்லும். ஹோவருக்குப் பின்னால் விசிட்டட்டை எழுதிவிட்டால், ஒருமுறை சென்று வந்த இணைப்புகள் சுட்டி மேலே வந்தாலும் நிறம் மாறாமல் கிடக்கும்.

விசிட்டட் நிலைக்கு 110, 50, 130 என்ற ஊதாவைத் தரலாம். வெள்ளையோடு அதன் வேறுபாடு 8.6. ஊர்ப் பட்டியல், கட்டுரைத் தொகுப்பு போன்ற இடங்களில் எதைப் படித்துவிட்டோம் என்று வாசகருக்கு அது காட்டிக் கொடுக்கும். ஆனால் இந்த நிலையில் எல்லாப் பண்புகளும் எடுபடாது. ஒருவர் எந்தெந்தத் தளங்களுக்குச் சென்றார் என்பதை, சென்று வந்த இணைப்பின் தோற்றத்தை அளந்து பிற தளங்கள் கண்டறிய முடிந்ததால், 2010-இல் மொசில்லாவின் டேவிட் பேரன் ஒரு தீர்வை முன்வைத்தார். மற்ற உலாவிகளும் அதே வழியில் சென்றன. அதன்படி விசிட்டட் விதியில் எழுத்து நிறம், பின்னணி நிறம், பார்டர் நிறம், அவுட்லைன் நிறம், அடிக்கோட்டு நிறம் போன்ற சில நிறப் பண்புகள் மட்டுமே செயற்படும். தடிமனை மாற்றவோ, டிக் குறி ஒன்றைச் சேர்க்கவோ முடியாது. ஒளிபுகு அளவும் செல்லாத இணைப்பின் விதியிலிருந்தே எடுக்கப்படும் என்பதால், அங்கே பின்னணி நிறம் எதுவும் கொடுக்காமல் விசிட்டட்டில் மட்டும் கொடுத்தால் ஒன்றும் தெரியாது.

2025-இல் குரோம் 136-ஆம் பதிப்பு இன்னும் ஒரு படி இறுக்கியது. ஓர் இணைப்பை எந்தத் தளத்திலிருந்து சொடுக்கினீர்களோ, அந்தத் தளத்தில் மட்டுமே அது சென்று வந்ததாக நிறம் மாறும். ஒரு தளத்தின் சொந்தப் பக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரயில் முன்பதிவுத் தளத்துக்கு வாசகர் தினமும் சென்றாலும், உங்கள் பக்கத்திலிருந்து ஒருமுறையேனும் சொடுக்காதவரை அந்த இணைப்பு நீலமாகவே இருக்கும். சோதிக்கும்போது இதைப் பிழை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

5. விசைப்பலகைக்கான வளையத்தை அழிக்காதீர்கள்

‘அவுட்லைன்’ பண்புக்கு ‘நன்’ என்று கொடுக்கும் ஒரே வரி, சுட்டி இல்லாமல் டேப் விசையால் நகர்பவர்களைத் திக்குத் தெரியாமல் நிறுத்திவிடுகிறது. அழகைக் கெடுக்கிறது என்றால் ‘ஃபோகஸ்-விசிபிள்’ பயன்படுத்துங்கள். விசைப்பலகையால் வந்தால் மட்டுமே வளையம் தோன்றும், சுட்டியால் சொடுக்கினால் தோன்றாது. 3 பிக்சல் தடிமனும், ‘அவுட்லைன்-ஆஃப்செட்’ 3 பிக்சலும் போதும். வளையத்தைப் ‘பாக்ஸ்-ஷேடோ’ கொண்டு வரைபவர்களும் உண்டு; விண்டோஸில் உயர் வேறுபாட்டுத் தீம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிழல் நீக்கப்பட்டுவிடும், அவுட்லைன் மட்டும் நிலைக்கும்.

6. இணைப்பின் வகையை அதன் முகவரியாலேயே அடையாளம் காணவும்

ஒவ்வோர் இணைப்புக்கும் கையால் கிளாஸ் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அட்ரிபியூட் தேர்விகள் சதுர அடைப்புக்குறிக்குள் முகவரியைப் படித்து வகை பிரிக்கின்றன: கூரைக் குறியுடன் சமக்குறி இட்டால் ‘இப்படித் தொடங்கும்’ என்றும், டாலர் குறியுடன் இட்டால் ‘இப்படி முடியும்’ என்றும், உடுக்குறியுடன் இட்டால் ‘எங்கேனும் இது இருக்கும்’ என்றும் பொருள்.

தொலைபேசி இணைப்பின் முகவரி ‘டெல்’ என்று தொடங்கும். அதற்கு ‘ஒயிட்-ஸ்பேஸ்’ பண்பில் ‘நோரேப்’ என்று கொடுத்தால், எண் பாதியில் உடைந்து இரண்டு வரியில் விழாது. பக்கத்தில் கடலூர் எண்ணை 04142 என்றும் புதுச்சேரி எண்ணை 0413 என்றும் காட்டலாம். ஆனால் எச்ரெஃப் மதிப்பில் முன்னாலுள்ள சுழியத்தை நீக்கி, கூட்டல் குறியும் 91-உம் சேர்த்து எழுதினால்தான் வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கும் அது வேலை செய்யும்.

பிடிஎஃப் இணைப்புக்கு, முகவரி அந்த நீட்சியுடன் முடிகிறதா என்று டாலர் குறியால் பார்க்க வேண்டும். எச்ரெஃப் மதிப்பில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகள் வேறுவேறாகக் கருதப்படும். ஸ்கேனர்கள் சில நீட்சியைப் பெரிய எழுத்தில் இட்டுவிடுவதால், அடைப்புக்குறியை மூடும் முன் ஓர் இடைவெளி விட்டு ஆங்கிலச் சிறிய ‘ஐ’ சேருங்கள், இரண்டும் பிடிபடும். முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் பதிப்பெண்ணும் ஒட்டியிருந்தால் இந்தத் தேர்வி தவறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வகை தெரிந்தபின், இணைப்பின் முடிவில் சிஎஸ்எஸ் சேர்க்கும் ‘ஆஃப்டர்’ என்ற போலி உறுப்பில், ‘கன்டென்ட்’ பண்பின் வழியாக ‘பிடிஎஃப்’ என்ற சொல்லைச் சேர்க்கலாம். சின்னமாக ஒரு படத்தைப் போடுவதைவிடச் சொல்லே மேல் என்பேன். திரைவாசிப்பான்களும் அதைப் படிக்கும். கோப்பின் அளவைத் தெரிவிக்க விரும்பினால் அதை எச்டிஎம்எல்லிலேயே எழுதுங்கள்.

சேர்த்த சொல்லின் கீழும் அடிக்கோடு நீளும். வேண்டாமெனில் அந்த ஆஃப்டருக்கு ‘டிஸ்ப்ளே’ பண்பில் ‘இன்லைன்-பிளாக்’ கொடுங்கள். அதற்குள் அடிக்கோடு நுழையாது. ஆனால் அப்படிச் செய்தால் அந்தச் சொல் மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடக்கூடும்.

வெளித்தள இணைப்புகளை ‘எச்டிடிபி’ என்று தொடங்குவதை வைத்துப் பிடிக்கலாம். உங்கள் சொந்தப் பக்கங்களுக்கே முழு முகவரி எழுதும் பழக்கம் இருந்தால், ‘நாட்’ என்ற போலிவகுப்பால் உங்கள் டொமைன் உள்ளவற்றை விலக்க வேண்டும். மேல்நோக்கிய சாய்வம்பு ஒன்றைக் குறியாகப் போடுவது வழக்கம். அம்பின் பெயரைத் திரைவாசிப்பான் உரக்கச் சொல்லாமலிருக்க, ‘கன்டென்ட்’ மதிப்புக்குப் பின் ஒரு சாய்கோடும் வெற்று மேற்கோள் குறிகளும் சேர்க்கலாம். பழைய உலாவிகள் அந்த வரியை முழுவதும் ஒதுக்கிவிடும் என்பதால், சாய்கோடு இல்லாத வரியை அதற்கு முன்பே எழுதி வைப்பது நல்லது.

புதுச்சேரிப் பக்கங்களில் மட்டும் அடிக்கடி தேவைப்படும் ஒரு வகை இருக்கிறது: மொழி மாறும் இணைப்பு. தமிழ்ப் பக்கத்தில் படித்துக்கொண்டிருப்பவர் ஒரு சொடுக்கில் பிரெஞ்சுப் பக்கத்தில் போய் விழுவதற்கு முன், அது பிரெஞ்சு என்று அவருக்குத் தெரிய வேண்டும். இணைப்பில் ‘எச்ரெஃப்லேங்’ என்ற அட்ரிபியூட்டில் மொழிக் குறியீட்டை எழுதுங்கள். தேர்வியில் குத்துக்கோடும் சமக்குறியும் சேர்த்து எழுதினால், வெறும் பிரெஞ்சுக் குறியீடும், நாட்டுக் குறியீடு ஒட்டிய பிரெஞ்சும் சேர்ந்தே பிடிபடும். ஆஃப்டரில் ‘பிரெஞ்சில்’ என்று சிறிய எழுத்தில் காட்டலாம். கொடிச் சின்னம் வேண்டாம். கொடி நாட்டைக் குறிப்பது, மொழியை அன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் தமிழ் மாணவருக்கு அந்தக் கொடி என்ன சொல்ல வருகிறது?

7. மெனுவும் பொத்தானும்

அடர்நீலப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தில் மெனு அமைக்க எண்ணி, மெனுவுக்கான ‘நேவ்’ குறிச்சொல்லுக்குள் உள்ள இணைப்புகளைப் பிடிக்கும் ‘நேவ் ஏ’ என்ற தேர்விக்கு வெள்ளை நிறம் தருவீர்கள். பக்கத்தைத் திறந்தால் மெனு எழுத்து தெரியாது. அடர்நீலப் பட்டைமேல் அடர்நீல எழுத்து நிற்கும். காரணம் முன்னுரிமை எடை. ‘நேவ் ஏ’ இரண்டு குறிச்சொற்களின் எடை கொண்டது. பொது விதியான ‘ஏ:லிங்க்’ ஒரு குறிச்சொல்லும் ஒரு போலிவகுப்பும் கொண்டது. போலிவகுப்பு ஒன்றின் எடை, எத்தனை குறிச்சொற்களைச் சேர்த்தாலும் அவற்றைவிட உயர்ந்தது. எடையை மீறி வெல்லச் செய்யும் ‘இம்பார்ட்டன்ட்’ குறியைப் போட்டுத் தீர்க்க முயன்றால் பிறகு அதை வெல்ல இன்னோர் இம்பார்ட்டன்ட் தேவைப்படும். பொது விதிகளைத் தொடக்கத்திலேயே ‘வேர்’ என்ற போலிவகுப்பின் அடைப்புக்குள் எழுதிவிடுவதே முறையான தீர்வு. அதற்குள் இருப்பதன் எடை சுழியம் ஆகிவிடும். உலாவியின் இயல்பு நிறத்தை அது அப்போதும் வெல்லும், நீங்கள் பின்னால் எழுதும் சிறப்பு விதிகள் எதற்கும் வழிவிடும்.

மெனுவில் எல்லாமே இணைப்புகள் என்பது இடத்தாலேயே விளங்குவதால் அடிக்கோட்டை எடுத்துவிடலாம். இப்போதுள்ள பக்கத்தைக் காட்ட, அந்த இணைப்பில் ‘ஏரியா-கரன்ட்’ அட்ரிபியூட்டுக்குப் ‘பேஜ்’ என்று எழுதி, அதையே தேர்வியாக வைத்து அடியில் ஒரு தடித்த கோடு கொடுங்கள். திரைவாசிப்பானுக்கும் கண்ணுக்கும் ஒரே அட்ரிபியூட் வேலை செய்யும்.

2023-இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2, தொடும் இடத்தின் அளவு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் வேண்டும் என்கிறது. வாக்கியத்துக்குள் வரும் இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. மெனுவுக்கும் ‘அறை முன்பதிவு’ பொத்தானுக்கும் 44 பிக்சல் உயரம் கொடுப்பதே கைக்கு இதம். ‘ஏ’ இயல்பில் வரிக்குள் ஓடும் உறுப்பு என்பதால் மேலும் கீழும் ‘பேடிங்’ சேர்த்தாலும் பக்கத்து வரிகளை அது தள்ளாது, மேலே படியும். ‘டிஸ்ப்ளே’ பண்பை ‘இன்லைன்-பிளாக்’ என்று மாற்றிய பின்பே பேடிங் கொடுங்கள்.

8. கைப்பேசி, இருள் தீம்

தொடுதிரையில் ஹோவர் என்பது இல்லை. இருந்தாலும் உலாவிகள் அதைப் போலச் செய்து காட்டுவதால், தொட்ட இணைப்பு வேறிடத்தைத் தொடும்வரை ஹோவர் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஹோவர் விதிகளை, கருவியின் தன்மையைச் சோதிக்கும் ‘ஹோவர்’ என்ற மீடியா வினவலுக்குள் வைத்தால் சுட்டி உள்ள கருவிகளில் மட்டும் அவை செயற்படும். ஹோவரில் மட்டுமே தெரியும் தகவல் எதையும் வைக்காதீர்கள்.

இருள் தீமில் பின்னணி 24, 24, 24 என்றால் நம் அடர்நீலத்தின் வேறுபாடு வெறும் 2 ஆகிவிடும். மாறியின் மதிப்பை அங்கே 120, 185, 255 என்று மாற்றுங்கள், 8.6 கிடைக்கும். விசிட்டட் ஊதாவையும் அதேபோல் வெளிர வைக்க மறந்துவிடுபவர்கள் அதிகம்.

9. சோதனையும் அச்சும்

உலாவியின் டெவலப்பர் கருவியில் ஹோவர், ஆக்டிவ், ஃபோகஸ் ஆகிய நிலைகளைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வசதி உண்டு. அதன்பின் சுட்டியை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் பக்கத்தை ஒருமுறை கடந்து பாருங்கள். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கி, நீளமான ஊர்ப்பெயர்கள் கட்டத்தை மீறுகின்றனவா என்றும் கவனியுங்கள். திருப்பாதிரிப்புலியூர் இதற்கும் நல்ல சோதனைச் சொல்.

பயணப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பேருந்து ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘பிரின்ட்’ மீடியா விதிக்குள் வெளித்தள இணைப்புகளுக்கு மட்டும், ஆஃப்டரின் ‘கன்டென்ட்’ பண்பில் ‘ஆட்டர்’ செயற்கூறு வழியாக எச்ரெஃப் மதிப்பை அடைப்புக்குறிக்குள் அச்சிடலாம். முகவரியில் தமிழ்ச் சொல் இருந்து, அது விழுக்காட்டுக் குறிகளாக மாற்றி எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது குறிகளாக விரியும். ஆறெழுத்துள்ள ‘பிச்சாவரம்’ யூனிகோடில் பத்துக் குறியீடுகள்; தாளில் அது தொண்ணூறு குறிகளாகி ஒரு வரியை விழுங்கிவிடும். அத்தகைய இணைப்புகளின் எச்ரெஃப் மதிப்பைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தால் உலாவி தானே மாற்றிக்கொள்ளும், தாளிலும் பெயர் பெயராகவே விழும். அப்படியும் நீளும் முகவரிகளுக்காக, அச்சு விதியில் ‘ஓவர்ஃப்ளோ-ரேப்’ பண்புக்கு ‘எனிவேர்’ என்று கொடுத்துவிடுங்கள்.